பழைய பிக்கப்பில் மிஸ்ஸிங்: எப்போது வருகிறது என்பதுதான் முதல் கேள்வி

எட்டு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப் ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டிவருகிறேன். 2000-களின் தொடக்கத்தில் வந்த மாடல், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் பொறிக்கான வோல்டேஜைத் தரும் தனித்தனிக் காயில். பாரம் ஏற்றியும் டிரெய்லர் இழுத்தும் நன்றாக உழைத்த வண்டி. இந்த வயதில் மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, வருவது அதிசயமில்லை. ஆனால் என் வண்டியில் அது வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு காரணத்தால் வந்தது. முந்தைய தடவை பார்த்த வைத்தியம் அடுத்த தடவைக்கு உதவவில்லை. எல்லாத் தடவையும் உதவியது ஒன்றுதான்: எந்த சிலிண்டர் என்று பார்ப்பதற்கு முன், எப்போது மிஸ் ஆகிறது என்று பார்ப்பது.

வண்டிக் கம்ப்யூட்டரின் கோளாறுக் குறியீட்டை (கோடு) படிக்கும் ஓபிடி ரீடரைச் செருகினால் பி0303 என்று காட்டும். 3-ஆம் சிலிண்டர்தானே, ஒரு காயில் வாங்கிப் போட்டுவிடலாம் என்று பலரும் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கோடு எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்த அவசரம் இருக்காது. சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் நேரடியாகப் பார்ப்பதில்லை. கிராங்க் சென்சார் வழியாகக் கிராங்க் சுற்றும் வேகத்தைத்தான் கவனிக்கிறது. எட்டு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஒவ்வொரு 90 டிகிரிக்கும் ஒரு தள்ளு வாங்க வேண்டும். ஒரு தள்ளு வராவிட்டால் அந்த இடத்தில் வேகம் இம்மியளவு குறையும். அது யாருடைய முறை என்று பார்த்து அந்த சிலிண்டர் எண்ணைப் போடுகிறது, அவ்வளவுதான். பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, அழுத்தமே இல்லையா என்பது அதற்குத் தெரியாது. பி0300 வந்தால் இன்னும் பொதுவான விஷயம்: பல சிலிண்டர்கள் மாறி மாறி மிஸ் ஆகின்றன என்று அர்த்தம்.

சிலிண்டர் எண்களையும் ஊகிக்க வேண்டாம். ஃபோர்டு வி8-களில் ஒரு பக்கம் 1 முதல் 4, மறுபக்கம் 5 முதல் 8. ஜிஎம் வி8-களில் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. நல்ல காயிலைக் கழற்றி வைத்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் சறுக்குகிறார்கள்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் உடனே ஆக்சிலேட்டரைத் தளர்த்தி ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொண்டால் செலவு பல மடங்காகிவிடும்.

முதலில் வந்தது பாரத்தோடு வந்த மிஸ்ஸிங். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடவிட்டால், இன்ஜின் அமைதியாக ஓடும். சுமையோடு மேடு ஏறும்போது, டாப் கியரில் ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது மட்டும் வண்டி உதறும். கியரைக் குறைத்தால் உதறல் குறையும். இந்த அறிகுறி கிட்டத்தட்ட எப்போதும் பொறியின் பக்கம்தான் கை காட்டும். இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் நன்றாகத் திறந்திருக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். தளர்ந்துபோன காயில் ஐடிலில் சமாளித்துவிடும், மேட்டில் மாட்டிக்கொள்ளும். அதனால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்பதில் பயனில்லை.

3-ஆம் சிலிண்டரின் காயிலை 5-க்கும் 5-உடையதை 3-க்கும் மாற்றினேன். கோடை அழித்துவிட்டு அதே சுமையோடு அதே மேட்டில் ஓட்டியபோது பி0305 வந்தது. காயிலோடு கோளாறும் இடம் மாறினால் தீர்ப்பு தெளிவு. பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கிழித்தது போல ஒரு மெல்லிய கருப்புக் கோடு. பொறி உள்ளே போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாக இறங்கிய தடம் அது. அந்தத் தடம் இருக்கும் பிளக்கை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றினால் கோளாறு திரும்ப வரும். காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்ற வேண்டும், உள்ளே கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். எட்டுக் காயிலையும் ஒரேயடியாக மாற்றச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளக்குகளை மொத்தமாக மாற்றலாம், காயிலில் செத்ததை மட்டும் மாற்றினால் போதும். கூடுதலாக ஒரு காயில் வாங்கி வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

அடுத்தது இதற்கு நேர் எதிர். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினால் ஐடிலில் நடுங்கும், சூடானதும் சரியாகிவிடும். பாரம் ஏற்றினாலும் ஒன்றும் தெரியாது. கோடுகள் பி0300, கூடவே இரண்டு பக்கமும் லீன் (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை) என்று சொல்லும் பி0171, பி0174. இங்கே காயில் மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. லைவ் டேட்டாவில் ஃப்யூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற அளவைப் பார்த்தேன். ஐடிலில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தது. 2500 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடித்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தது. இது வெளிக்காற்று புகுவதன் அடையாளம். ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் சிலிண்டர்களுக்குக் காற்று போகும் மானிஃபோல்டில் உறிஞ்சும் சக்தி அதிகம், அதே நேரம் மொத்தக் காற்று குறைவு. அப்போது சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்கு. வேகம் கூடினால் அதே ஓட்டை பொருட்டே இல்லை. மாறாக, பாரம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் ஓட்டையைத் தேடாதீர்கள். ஃப்யூயல் ஃபில்டர், பம்ப், பிரஷர் என்று அந்தப் பக்கம் போங்கள்.

இன்டேக்குக்குள் புகை விட்டுத் தேடியதில் பிடிபட்டது, இன்ஜின் அடியில் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் வளைந்த ரப்பர் முழங்கை. மேலே பார்த்தால் புதுசு போல இருந்தது, அடிப்பக்கம் வெடித்திருந்தது. குளிரில் ரப்பர் விறைத்து வெடிப்பு வாய் திறக்கும், சூட்டில் இளகி மூடிக்கொள்ளும். கார்ப் கிளீனர் அடித்துத் தேடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கும் திரவத்தை அடிப்பது எனக்குப் பிடிக்காத வேலை. புகைதான் நல்லது.

கடைசியாக வந்ததுதான் பெரிய வேலை வைத்தது. ஐடிலில் ஒரே சிலிண்டர், விடாமல், சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி. காயில் மாற்றினேன், பிளக் மாற்றினேன், கோடு 7-லேயே நின்றது. நீண்ட ஸ்குரூடிரைவரை இன்ஜெக்டர் மேல் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டினால் மற்றவை போலவே டிக் டிக் என்றது. மின்தடையிலும் (ஓம்ஸ்) பக்கத்து இன்ஜெக்டரோடு ஒத்துப்போனது.

அப்புறம் சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஃப்யூயல் பம்பையும் பொறியையும் துண்டித்துவிட்டு, எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதமாவது காட்ட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். 7 மட்டும் பாதிக்கும் கீழே இருந்தது. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டால் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள், ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறவில்லை. ஆனால் வி இன்ஜினில் சிலிண்டர் சாய்ந்திருப்பதால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், இதை மட்டும் நம்பி ஹெட்டைக் கழற்ற முடியாது. கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டு, எங்கே கசிகிறது என்று தேடும் லீக்-டவுன் டெஸ்ட் பார்த்தபோது சைலன்சர் வாயில் 'உஸ்' என்று கேட்டது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருந்தது. இன்டேக் வால்வு என்றால் த்ராட்டில் பக்கம் கேட்கும், ரிங் என்றால் ஆயில் ஊற்றும் மூடி பக்கம், ஹெட் கேஸ்கெட் என்றால் ரேடியேட்டரில் குமிழி வரும். ஹெட்டை இறக்கி வால்வு வேலை பார்த்த பிறகு ஐடில் நேராகிவிட்டது.

கருவிகளில் கோடு மட்டும் படிக்கும் மலிவு ரீடர் போதாது. லைவ் டேட்டா, ஃப்ரீஸ் ஃப்ரேம் இரண்டும் வேண்டும். கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, லோடு என்ன, கூலன்ட் சூடு என்ன என்று ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிந்து வைத்திருக்கும். எப்போது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும், பேட்டரி கேபிளைக் கழற்றினாலும் பெரும்பாலும் போய்விடும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடுவதாக இருந்தால் முதலில் அந்தத் திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஷன் கேஜில் மரையோடு முறுக்கிப் பூட்டும் வகைதான் சரி, ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் வகையில் தடவைக்கு ஒரு எண் வரும். டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில்கள் என் வண்டியில் எதையும் மாற்றவில்லை.

இப்போது கோடு எதுவும் இல்லை. ஒரு பக்கத்து ட்ரிம் மட்டும் மற்றதைவிட ஏழெட்டு சதவீதம் மேலேயே நிற்கிறது. அந்தப் பக்க இன்டேக் கேஸ்கெட்டை அடுத்துப் பார்க்க வேண்டும்.