ஃப்ரோசன் செக்‌ஷனா, பாரஃபின் பிளாக்கா?

அறுவையில் எடுத்த திசுவில் புற்று இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க, அதை மெல்லிசாகச் சீவ இரண்டு வழி: உறையவைத்துச் சீவுவது ஃப்ரோசன் செக்‌ஷன், மெழுகில் பதித்துச் சீவுவது பாரஃபின் பிளாக். நோயாளி அறுவை மேசையில் மயக்கத்தில் இருக்கும்போதே பதில் வேண்டுமென்றால் ஃப்ரோசன்தான். திசுவை கிரையோஸ்டாட் என்ற குளிர்பெட்டிச் சீவுகருவியில் மைனஸ் 20 டிகிரி வாக்கில் உறையவைத்து, சீவி, சாயமேற்றிச் சொல்லச் சுமார் 20 நிமிடம். 1905இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயிஸ் வில்சன் இதற்கொரு வேகமான முறையை வகுத்தார். அங்கே இன்றும் இது அன்றாட வழக்கம்.

பாரஃபினுக்கு அவசரம் ஆகாது. ஃபார்மலினில் ஊறி, இரவு முழுக்க பிராசஸர் கருவியில் ஆல்கஹால், சைலீன், மெழுகு என்று மாறி, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் ஸ்லைடு. ஆனால் உட்கரு அவ்வளவு தெளிவாகத் தெரியும். பிளாக்கைப் பல ஆண்டு வைத்திருந்து இம்யூனோ சோதனையும் (ஆன்டிபாடி கொண்டு செல்லின் புரதங்களை அடையாளம் காண்பது) செய்யலாம். ஃப்ரோசனிலோ பனிப்படிகம் செல்லைக் குலைத்திருக்கும்; கொழுப்பு சரியாக உறையாமல் பிளேடில் இழுபடும்; கெட்டி எலும்பென்றால் பேச்சே இல்லை.

வெட்டின ஓரத்தில் புற்று மிச்சமிருக்கிறதா என்ற கேள்விக்கு ஃப்ரோசனை நம்பலாம். தைராய்டு ஃபாலிக்குலர் கட்டி (தைராய்டின் நுண்பை செல்களில் எழுவது) தன்னைச் சுற்றிய உறையைத் தாண்டியிருக்கிறதா என்று கேட்டால், பாரஃபினுக்குக் காத்திருங்கள் என்றே சொல்வேன். லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) சந்தேகமும் அப்படியே.

பேத்தாலஜி பயிற்சி மருத்துவர் முதலில் பாரஃபினில் கண் பழகட்டும். ஃப்ரோசன் மேசையைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளலாம், அதுவும் சீனியர் பக்கத்தில் இருக்கையில். சர்ஜன் போனில் காத்திருக்கும்போது புத்தகம் புரட்ட நேரமிருக்காது.