'ஹாலா'வா 'தூக்கி பூக்கி'யா, எதை முதல்ல பாக்கலாம்?

ரெண்டும் மேற்கு ஆப்பிரிக்கால இருக்குற செனகல் நாட்டுப் படம், ரெண்டும் தலைநகர் டக்கார்ல நடக்குது, 1960ல பிரான்ஸ்கிட்டருந்து சுதந்திரம் வந்தப்புறம் என்னாச்சுங்கிறதுதான் விஷயம்.

கதை: டைரக்டர் செம்பேனோட 'ஹாலா' (1975) நேரா போகும். டைரக்டர் மாம்பேட்டியோட 'தூக்கி பூக்கி' (1973) முன்னபின்ன தாவும், மாட்டுக்கொம்பு கட்டின பைக்ல பாரிஸ் கனவோட சுத்துற ஒரு ஜோடி, அவ்ளோதான்.

அரசியல்: ஹாலா செம நக்கல். வெள்ளைக்காரன் குடுத்த பெட்டியைத் திறந்தா கட்டுக்கட்டா பணம், புது முதலாளிங்க கப்சிப், அதுல ஒருத்தன் பென்ஸ் காரை எவியான்ங்கிற பிரெஞ்சு பாட்டில் தண்ணில கழுவுறான், அவனோட மக மட்டும் அப்பன் பிரெஞ்சுல பேசினாலும் உள்ளூர் மொழியான வோலோஃப்லயே பதில் சொல்றா. சென்சார் சும்மா விடுமா, வெட்டிட்டாங்க. மாம்பேட்டி இப்படி நேரடியா பேசமாட்டார்.

கஷ்டம்: தூக்கி பூக்கில மாடு அறுக்குறது நிஜம், பாத்துக்கோங்க.

அரசியல் புரியணும்னா ஹாலா. ஊரை விட்டுப் போறதா இருக்குறதாங்கிற தவிப்பு வேணும்னா தூக்கி பூக்கி. என் ஓட்டு ஹாலாவுக்கு.