"மொத்தமா ஒரு ரேட் சொல்றேன் சார்": கடலூரில் வீட்டுச் சாமான் விற்ற கதை

அப்பா அம்மா வீட்டைக் காலி செய்து விற்பதற்காகப் பத்து நாள் லீவில் ஊருக்கு வருகிறவர்கள், இதைப் படித்துவிட்டுச் சாமானில் கை வையுங்கள்.

அம்மா போன வருடம் தவறிவிட்டார். திருப்பாதிரிப்புலியூர் வீட்டை விற்றுத் தங்கையும் நானும் பிரித்துக்கொள்வதாக முடிவு. முதலில் வாஷிங் மெஷினைப் படம் எடுத்து இணையத்தில் போட்டேன். அரை மணி நேரத்தில் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் கூப்பிட்டார். பேரமே பேசவில்லை. ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும் என்றார். பணம் வாங்கப் பின் நம்பர் எதற்கு? அதைப் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். இது தெரிந்ததால் வைத்துவிட்டேன். (சிக்கிக்கொண்டவர்கள் உடனே 1930-க்கு அழையுங்கள்.) என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அன்றைக்கு ஒரு மிதப்பு வந்தது. அந்த மிதப்போடுதான் அடுத்த ஆளுக்குக் கதவைத் திறந்தேன்.

அவரை அனுப்பியது வீட்டு புரோக்கர். "சாமான் கிடந்தா வீடு சின்னதா தெரியும் சார். காலி பண்ணிட்டுக் காட்டுங்க, ரேட்டே வேற" என்றார். மறுநாள் காலை பழைய சாமான் வியாபாரி டாடா ஏஸோடு வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய திருநீறு. உள்ளே வந்ததும் அம்மா படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

நான் ஒவ்வொன்றுக்கும் விலை எழுதி வைத்திருந்தேன். தேக்கு பீரோ, ஊஞ்சல் பலகை, தையல் மிஷின், இரண்டு பிளைவுட் கட்டில், பழைய டப்பா டிவி, இலவம்பஞ்சு மெத்தை, ஓடாத ஃபிரிட்ஜ். அவர் அந்தப் பேப்பரைப் பார்த்துச் சிரித்தார். "தனித்தனியா வித்தீங்கன்னா நல்லது போயிடும், குப்பை உங்க தலையில நிக்கும். மொத்தமா ஒரு ரேட் சொல்றேன், வீட்டைத் துடைச்சுக் குடுத்துட்டுப் போறேன்." 32,000 என்றார். பித்தளைப் பாத்திரம் மட்டும் தனியாக, எடைக்கு, கிலோ 400. நான் சரி என்றேன். குப்பை என் தலையில் நிற்கும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை அவர்தான் உண்டாக்கினார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கொக்கித் தராசில் ஒவ்வொரு பாத்திரமாகத் தொங்கவிட்டு, எடையைச் சாக்பீஸால் அடியில் எழுதிக்கொண்டே போனார். பார்க்க நேர்மையாகத்தான் இருந்தது. மொத்தம் 31 கிலோ, 12,400 ரூபாய். அதை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். சாமான் கணக்கில் 10,000 கொடுத்தார். பீரோ, ஊஞ்சல், தையல் மிஷின் எல்லாம் வண்டியில் ஏறின. மீதி 22,000-ஐ நாளைக்கு இரண்டாவது நடையில் தருவதாகச் சொன்னவர், பெரிய அண்டா ஒன்றை இறக்கித் திண்ணையில் வைத்தார். "இது உங்ககிட்ட அடமானமா இருக்கட்டும் சார்." நானும் நெகிழ்ந்து போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் போனில், "அந்தக் கட்டில், மெத்தையெல்லாம் வண்டி வாடகைக்குக்கூட ஆகாது சார். அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு விட்டுடுங்க" என்றார். எது அதற்கு, எது இதற்கு? அப்புறம் போனை எடுக்கவில்லை. எழுதி வாங்கியது எதுவும் இல்லை. நல்லது அவரிடம் போயிற்று, குப்பை என் தலையில் நின்றது. அதை அள்ள மினி லாரிக்கு நான் 3,500 கொடுத்தேன்.

மொத்த விலைக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். கொடுத்தால் கடைசி நடை வரைக்குமான பணம் கைக்கு வந்த பிறகே முதல் நடை ஏற வேண்டும். இல்லையென்றால் முதலில் குப்பையை ஏற்றச் சொல்லுங்கள், பீரோ கடைசியில் போகட்டும்.

அடமான அண்டாவுக்கு வருகிறேன். அதன் அடியில் 4.2 என்று எழுதியிருந்தது. ஏதோ சந்தேகத்தில் தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 5.6. கால் பங்கு எடையைக் கொக்கியே தின்றுவிட்டது. பாத்திரம் எடைக்குப் போடுவதானால் அவர்கள் தராசில் முதலில் உங்கள் காலி காஸ் சிலிண்டரைத் தொங்கவிடுங்கள். காலி எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். கொஞ்சம் காஸ் மிச்சம் இருந்தால் கூடக் காட்டலாம், குறைத்துக் காட்டினால் தராசு பொய்.

இன்னொன்று, எல்லாம் பித்தளை இல்லை. உள்ளே ஈயம் பூசிய செம்பு அடுக்கு இருந்தது. அம்மாவின் கல்யாணச் சீராக வந்த வெண்கலப் பானை இருந்தது. செம்பும் வெண்கலமும் பித்தளையைவிட விலை கூட. எல்லாவற்றையும் பித்தளை என்று சொல்லி ஒரே கொக்கியில் மாட்டினார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செடிகளைப் பற்றிச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் வாசல் வேப்பமரம் சாய்ந்த பிறகு அம்மா மாடியில் தொட்டிச் செடி வைக்க ஆரம்பித்தார். அதில் ஆறு அடீனியம். அடீனியத்துக்கு விலை பூவில் இல்லை, அடித்தண்டில். விதையிலிருந்து வளர்த்து, அடி பானை மாதிரி பருக்கப் பல வருடம் ஆகும். வியாபாரி கிளம்பும்போது, "தொட்டி எல்லாம் உங்களுக்கு எதுக்கு சார், தண்ணி ஊத்த ஆளா இருக்கு" என்றார். பத்துத் தொட்டிக்கு 500 ரூபாய் கொடுத்தார். சிமெண்ட் தொட்டிக்கே அது காணாது. எந்தத் தொட்டியை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆறு அடீனியமும் போயின, குரோட்டன்ஸ் அத்தனையும் மாடியிலேயே இருக்கின்றன.

வீடு தப்பித்தது பக்கத்து வீட்டு ஐயாவால். அவர் பத்திர எழுத்தர். புரோக்கர் கொண்டுவந்த பார்ட்டி 2 லட்சம் ரொக்க அட்வான்ஸ், ஆறு மாதக் கெடு, நான் அடிக்கடி வரமுடியாது என்பதால் ஒரு பவர் (என் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) என்று பேசியது. ஐயாவிடம் சொன்னதும், "தம்பி, பவர் குடுத்துட்டா அப்புறம் வீட்டை விக்கிறது நீங்க இல்ல, அவங்க" என்றார். வீடு, மனை விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது, பணத்தை வாங்கினவருக்குத்தான் அபராதம். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்கத்தையும் பதிவுத்துறை தளத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். பார்ட்டி சொன்ன விலை வழிகாட்டி மதிப்பைவிடக் கொஞ்சம்தான் கூட. எங்கள் தெருவில் அவ்வளவு குறைந்த விலைக்கு யாரும் விற்றதில்லை என்றார் ஐயா. வேண்டாம் என்றேன். அன்றோடு புரோக்கர் போனும் எடுபடவில்லை. புரோக்கரும் சாமான் வியாபாரியும் கூட்டா என்று என்னிடம் சாட்சி இல்லை. எனக்குச் சந்தேகமும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள். அவள் இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போயிருக்கிறாள்.

"அண்ணா, அம்மா பானை இங்க இருக்கு. பேர் வெட்டியிருக்கு, கல்யாணத் தேதியும் இருக்கு."

கடைக்காரர் வேறு ஆள், எங்கோ மொத்தமாக எடுத்ததாகச் சொன்னார். 2,800 கேட்டிருக்கிறார். பித்தளைக்கு இவ்வளவா என்று தங்கை பேரம் பேச, "பித்தளை இல்லம்மா, வெண்கலம். தட்டிப் பாருங்க, மணி மாதிரி கேக்கும்" என்றாராம்.

2,500-க்கு வாங்கிவிட்டாள். படம் அனுப்பினாள். அடியில் சாக்பீஸ் எழுத்து இன்னும் அழியவில்லை: 1.9. நான் அதற்கு வாங்கியது 760 ரூபாய்.