குலா மலாக்காவை விட்டு மறுபடி சீனிக்கு வந்தேன்

சீனியை நிறுத்திவிட்டு, கடைக்கு இனி முழுக்க குலா மலாக்காதான், அதாவது தென்னஞ்சாற்று வெல்லம்தான் என்று வீட்டில் அறிவித்த அன்று அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வருஷம் பூரா கெடைக்குமாப்பா?” அப்போது சிரித்தேன். எட்டு மாதம் கழித்து, பரணில் கிடந்த பழைய சீனி டின்னை இறக்கிக் கழுவி வெயிலில் காயவைத்தேன்.

பட்டர்வொர்த்தில் காலையில் மட்டும் திறக்கும் ஒட்டுக்கடை என்னுடையது. இடியாப்பம், ஆப்பம், கேசரி, தே, கோப்பி. மாதம் முப்பது கிலோ இனிப்பு போகும். அதனால் இதைச் சின்னக் கடைக்காரரின் கணக்காகவே படியுங்கள். பெரிய உணவகத்துக்குப் பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியாது.

விலையில் பேச ஒன்றுமில்லை. கட்டுப்பாட்டு விலையில் சாதாரண வெள்ளைச் சீனி கிலோ 2 வெள்ளி 85 காசு, நைசான சீனி 2 வெள்ளி 95 காசு. குலா மலாக்காவுக்கு நான் அதைப்போல நாலு மடங்கு கொடுத்தேன். ருசியிலும் போட்டி இல்லை. சூடான இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப்பூவும் நல்ல குலா மலாக்காவும் விழுந்தால், சீனி பக்கத்திலேயே நிற்காது.

உடம்புக்கு நல்லது என்று பலர் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அம்மாவுக்கு இனிப்புநீர் நோய். ஆனால் தென்னம்பாளையைச் சீவி இறக்கிய சாற்றைக் காய்ச்சி வற்றவைத்தால் மிஞ்சுவதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், கரும்புச் சீனியில் இருக்கும் அதே சரக்கு. நிறமும் மணமும் வேறு, அவ்வளவுதான். மருத்துவரிடம் கேட்டபோது, “எதைப் போட்டாலும் கரண்டியை எண்ணுங்கள்” என்றார்.

சரி, என்னைத் திருப்பி அனுப்பியது வேறு விஷயம். போன வாரம் வந்த சரக்கு இந்த வாரமும் அதே மாதிரி வருமா என்பது.

குலா மலாக்கா அப்படி ஒரே மாதிரி வரவே வராது. முதல் மாதம் கறுத்து, புகைமணத்தோடு, லேசாக உப்புக்கரித்து வந்தது, அருமை. அடுத்த மாதம் வெளிறி, கல் மாதிரி இறுகி இருந்தது. உடைத்தால் உள்ளே பளபளவென்று சீனி மணிகள். தென்னைச் சாற்றோடு கரும்புச் சீனியைக் கலந்து அச்சில் ஊற்றுவது இந்தத் தொழிலில் பழகிப்போன வேலை. கொண்டுவந்து கொடுத்தவரிடம் கேட்டேன். “மழைக்காலம் அண்ணே, சாறு தண்ணியா வருது, என்ன செய்ய?” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. மரம் ஏற ஆளில்லை, மரங்களுக்கு வயதாகிவிட்டது, தேங்காயையே நாம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறோம். ஆனால் என் பாகு? ஒரே அளவு போட்டும் ஒரு நாள் திகட்டுகிறது, ஒரு நாள் சப்பென்று இருக்கிறது. காய்ச்சி வடிகட்டினால் அடியில் நாரும் மண்ணும். ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று விலை எழுதி ஒட்டவே முடியவில்லை.

அப்புறம் நம் ஊர்க் காற்று. பினாங்கு ஈரத்தில் குலா மலாக்கா நாலே நாளில் வியர்க்கத் தொடங்கும். மூடி போட்டாலும் எறும்பு வழி கண்டுபிடிக்கும். டிசம்பரில் ஒரு பெட்டியில் பாதி பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. சீனி டின்னில் அடியில் கொஞ்சம் கட்டிப்படும், தட்டினால் உதிர்ந்துவிடும்.

எனக்கு உறைத்த இன்னொன்றும் உண்டு. கலப்படக் கட்டியில் இருந்தது எந்தச் சீனி? நான் விட்டு ஓடிவந்த அதே சீனிதான். ‘பிரவுன் சீனி’ என்று வாங்குவதும் பெரும்பாலும் ஆலைச் சீனியே, கரும்புப்பாகு ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் வித்தியாசம்; விலைக் கட்டுப்பாடும் அதற்குக் கிடையாது.

அந்த வெள்ளைச் சீனி எனக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. பிறை என்ற ஊரில் இருக்கும் சீனி ஆலை 1964இல் ஓடத் தொடங்கியது. தொழிலதிபர் ராபர்ட் குவோக்கின் குழுமத்திடமிருந்து 2010இல் அரசின் நில மேம்பாட்டு வாரியமான ஃபெல்டா கைக்கு மாறியது. ஆலை பக்கத்தில், கரும்போ கடல் தாண்டி. ரப்பர் வருவதற்கு முன் நிபோங் தெபால், பத்து காவான் பக்கமெல்லாம் கரும்புத் தோட்டங்கள்தான், நம் ஆட்களை 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கியதும் அங்கேதான். கடைசியாகப் பெர்லிஸ் சுப்பிங்கில் இருந்த கரும்பும் போய்விட்டது. இப்போது பிரேசில், தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து கச்சாச் சீனி கப்பலில் வருகிறது, இங்கே சுத்திகரித்து வெள்ளையாக்குகிறார்கள்.

ஆகவே சீனியும் அசையாத பாறை இல்லை. 2013 அக்டோபரில் 34 காசு மானியத்தை அரசு எடுத்தது, கிலோ 2 வெள்ளி 50 காசிலிருந்து 2 வெள்ளி 84 காசானது. 2018 செப்டம்பரில் 2 வெள்ளி 85 காசு என்று வைத்தார்கள். 2023இல் இந்தியா ஏற்றுமதியை இறுக்கியது, உலகச் சந்தையில் கச்சாச் சீனி பன்னிரண்டு வருடத்தில் காணாத உச்சிக்கு ஏறியது. உள்ளே விலை மட்டும் அப்படியே நின்றது. நஷ்டத்துக்கு யார் விற்பார்கள்? அலமாரி காலியானது, ஒருவருக்கு இத்தனை பாக்கெட்தான் என்று கடைகளில் எழுதி ஒட்டினார்கள். அந்த நவம்பரிலிருந்து ஆலைகளுக்குக் கிலோவுக்கு 1 வெள்ளி ஊக்கத்தொகை கொடுத்த பிறகே சரக்கு சீரானது. அப்போது நான் கொடுத்த 2 வெள்ளி 85 காசு முழு விலை இல்லை, மிச்சத்தை அரசாங்கம் போட்டது என்று தெரிந்தே வாங்கினேன். இருந்தாலும் சீனி இல்லாத நாட்கள் எனக்கு வாரக் கணக்கில்தான் வந்தன. வந்தபோது பழைய சீனியாகவே வந்தது.

ஸ்டீவியா என்ற இலையிலிருந்து எடுக்கும் சுவையூட்டியையும் சொல்லவேண்டும், ஆனால் கைவசம் இரண்டு மாத அனுபவம்தான். தேயில் போட்டால் கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு நிற்கிறது என்று வழக்கமாக வரும் லோரி ஓட்டுநர்கள் சொன்னார்கள். கேசரியில் பாகு பதமே வரவில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் பாதிக்கு மேல் எரித்ரிட்டால் என்ற வேறொரு இனிப்பூட்டி. உடல் எடையைக் குறைக்க ஸ்டீவியா போன்ற சுவையூட்டிகளை நம்பவேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. வீட்டில் ஒரு கோப்பைக்குச் சரியாக இருக்கலாம். கடைக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

இப்போது வாரநாளில் வெள்ளைச் சீனி, கேசரியில் முன்பைவிடக் கால்பங்கு குறைத்து. ஒருவரும் கேட்கவில்லை. தேயில் குறைப்பதுதான் சிரமம். இனிப்பில் பாதியை டின்பால் கொண்டுவந்துவிடுகிறது. சனிக்கிழமை மட்டும் இடியாப்பத்துக்குக் குலா மலாக்கா, அதுவும் கட்டியை உடைத்துப் பார்த்து, மணி தெரியாவிட்டால்தான். தெரிந்தால் பலகையில் ‘இன்று சீனி’ என்று எழுதிவிடுவேன். அம்மா இரண்டையும் தொடுவதில்லை, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான்.