பெங்களூரு யெலஹங்காவில் குதிரைக்கு லாடம் அடிக்க ஆள் தேடுகிறவர்களுக்கு
லாடத்துக்கு யாரைக் கூப்பிடுகிறாய் என்று நம்ம தமிழ் ஆட்களே அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் லாயத்துக்கு வருபவர் ஓசூர்க்கார அண்ணன். ஒன்றரை வருஷமாக என் குதிரை மல்லிக்கு அவர்தான்.

மல்லி பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் ஜாதிக் குதிரை. தடை தாண்டல் பழக்கிக்கொண்டிருந்தேன். முன்பு வந்துகொண்டிருந்தவர் பத்து வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார், குளம்பு முன்பக்கம் நீண்டு குதிகால் பக்கம் தாழ்ந்துபோனது என் கண்ணிலும் படவே இல்லை. அப்படி ஆனால் காலின் பின்பக்கத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அதிகமாக இழுபடும்.

அண்ணன் முதல் நாள் சுத்தியலையே எடுக்கவில்லை. சிமெண்ட் தரையில் மல்லியை நேராக ஓட்டச் சொல்லி, "வலது முன்னங்கால் ஊனும்போதெல்லாம் தலையைத் தூக்குறா, பாருங்கம்மா" என்றார். நம்ம பெங்களூரு ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினாரே, அந்த ஈவென்டிங் என்கிற குதிரையேற்றப் போட்டியிலும் இப்படித்தான் குதிரையை ஓடவிட்டுப் பார்ப்பார்கள், நொண்டினால் களத்துக்கே விடமாட்டார்கள். அப்புறம் அண்ணன் புறங்கையால் இரண்டு முன்னங்கால்களையும் மேலிருந்து கீழே மெல்லத் தடவினார். வலது கால் தசைநாண் லேசாகச் சுட்டது. என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். "லாடம் அப்புறம் அடிக்கலாம், முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, காசு வாங்காமல் கிளம்பிவிட்டார்.

ஸ்கேனில் தசைநாண் சேதம் ஆரம்பித்திருந்தது, கிழியவில்லை. கிழிந்திருந்தால் கதையே வேறு. கிட்டத்தட்ட 500 கிலோ உடம்பு, அதில் 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல், முட்டிக்குக் கீழே தசையே கிடையாது, எலும்பும் நாணும்தான், அங்கே ரத்த ஓட்டமும் குறைவு. ஆற 9 மாதம், ஒரு வருஷம் ஆகும், ஆறினாலும் பழைய இழுவை வராது, மறுபடியும் கிழிய வாய்ப்பு அதிகம். நல்ல நல்ல குதிரைகள் எத்தனையோ இதனாலேயே போட்டியை விட்டுப் போயிருக்கின்றன.

ஆறு மாதம் தாண்டல் நிறுத்தினோம். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை அண்ணன் வந்து முன்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, குதிகாலுக்குத் தாங்கல் கிடைக்கிற மாதிரி லாடம் வைத்தார். ஒரேயடியாக வெட்டவில்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்போது மல்லி 80 சென்டிமீட்டர் சுத்தமாகத் தாண்டுகிறாள்.

குறை என்றால் நேரம். ஒன்பது மணி என்றால் பதினொன்றுக்கு வருவார், போனும் எடுக்கமாட்டார். கூலியும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். சரி, நான் காத்திருக்கிறேன், கொடுக்கிறேன். உங்கள் குதிரையைக் காட்டும்போது லாடத்தோடு விட்டுவிடாமல், காலையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.