ரெடிமேட் ஷர்ரிங் துணி: சிறுமியின் கோடைக் கவுனுக்கு வாங்கலாமா?

மேலே எலாஸ்டிக் வரிகள் ஏற்கெனவே ஓட்டப்பட்டு, கீழே பாவாடைக்கான துணி தொங்கும்படி வருவதுதான் ரெடிமேட் ஷர்ரிங் துணி. இதை வாங்கினால் ஒரு கோடைக் கவுனுக்கு ஒரே ஒரு நீளத் தையல், இரண்டு தோள்பட்டி, ஒரு கீழ்மடிப்பு போதும். கழுத்து வெட்ட வேண்டாம், கை வளைவு வெட்ட வேண்டாம், ஜிப்பும் பட்டனும் வைக்க வேண்டாம். விற்பவர்கள் சொல்லும் இந்த வர்ணனை உண்மைதான். ஆனால் இந்தத் துணிகளில் பெரும்பாலானவை பெரியவர்களின் உடம்பை மனதில் வைத்தே தயாராகின்றன. நான்கு வயதுக் குழந்தைக்கு அப்படியே வெட்டித் தைத்தால் வயிற்றைப் பிடிக்கும், அக்குளில் உரசும், சில துவைப்புகளிலேயே ஓரத்து எலாஸ்டிக் உருவிக்கொண்டு வரும். மூன்றுக்கும் தீர்வு உண்டு. அந்தக் கூடுதல் வேலைக்குத் தயாராக இருப்பவர்களுக்கு இது நல்ல பொருள்.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, மீட்டர் கணக்கு சுருங்கிய நிலையிலா, இழுத்து விரித்த நிலையிலா என்பது. நல்ல ஷர்ரிங், சுருங்கிய அளவைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு விரியும். விரித்து அளந்த ஒரு மீட்டர் கைக்கு வரும்போது 16 முதல் 20 இன்ச் வரைதான் இருக்கும். அது ஒரு சின்னக் குழந்தைக்கே இழுபறி. சுருங்கிய நிலையில் அளந்த ஒரு மீட்டரில் மார்பு 20 இன்ச் உள்ள குழந்தைக்கு இரண்டு கவுன் எடுக்கலாம். ஆன்லைனில் வாங்குபவர்கள் இதைக் கேட்காமல் ஆர்டர் போடவே கூடாது.

துணி கைக்கு வந்ததும் எலாஸ்டிக்கைச் சோதிக்க வேண்டும். வரிகளின் மேல் 4 இன்ச் தூரத்தில் இரண்டு குண்டூசி குத்தி, 8 இன்ச் வரை இழுத்துப் பிடித்து, விட்டுவிட்டு மறுபடி அளக்கவும். 4 இன்ச்சுக்கோ அதைவிட ஒரு நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) கூடவோ திரும்பி வந்தால் நல்லது. நாலரையில் நின்றுவிட்டால் எலாஸ்டிக் ஏற்கெனவே தளர்ந்துவிட்டது என்று பொருள். 8 இன்ச்சை எட்டவே இல்லை என்றால் வேறு சிக்கல்: மேலிருந்து போட்டாலும் கீழிருந்து ஏற்றினாலும் குழந்தையின் தோளையோ இடுப்பையோ தாண்ட அது மல்லுக்கட்டும், பாவாடையிலும் சுற்றளவு குறையும். ஓடி ஆடும் பிள்ளைக்குக் கீழ்ச்சுற்று 40 இன்ச்சாவது வேண்டும்.

வரிகளுக்கு இடையே முக்கால் முதல் ஒரு செ.மீ. இடைவெளி இருந்தால் துணி சீராகச் சுருங்கும். ஒன்றரை செ.மீ. இருந்தால் ஒவ்வொரு வரிக்கு நடுவிலும் துணி உப்பிக்கொண்டு நிற்கும், சின்ன உடம்பில் அது பருமனாகத் தெரியும். உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எலாஸ்டிக் மேல் சுற்றியிருக்கும் நூல் வழுவழுப்பாக இருக்கவேண்டும். ரப்பர் வெளியே தெரிந்தால் வியர்வையில் தோல் எரியும்.

துணியின் ரகத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். காட்டன் கேம்பிரிக், வாயில் (voile), மெல்லிய பாப்ளின் மூன்றும் கோடைக்கு ஏற்றவை. வாயில் மிகவும் மெல்லியது, வெளிர் நிறமாக இருந்தால் பாவாடைக்கு உள்ளே லைனிங் கேட்கும். ரயான் அழகாக விழும், ஆனால் நனைந்தால் கணிசமாகச் சுருங்கும், மெஷினில் வழுக்கும், புதிதாகத் தைப்பவர்களைப் படுத்தும். பாலியஸ்டர் கலந்த துணியைப் பல இடங்களில் காட்டன் என்றே விற்கிறார்கள். ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, பாதுகாப்பான இடத்தில் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். காட்டன் காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகி முனையில் கெட்டியாக ஒரு மணி போல நிற்கும்.

இன்னொன்று, டிசைனின் திசை. இந்தத் துணியில் எலாஸ்டிக் கரையோரமாகவே ஓடுகிறது. அதனால் பாவு இழை (துணியின் நீளவாக்கில் ஓடுவது) உடம்பைச் சுற்றிவர, ஊடை இழை (அகலவாக்கில் ஓடுவது) மேலிருந்து கீழாக வரும். வழக்கமான கவுனுக்கு நேர் எதிர். இதற்கென்றே அச்சடித்த துணியில் பூவும் பறவையும் நிமிர்ந்து நிற்கும். சாதாரணத் துணியை வாங்கிச் சுருக்கி விற்றிருந்தால் அவை பக்கவாட்டில் படுத்திருக்கும். புள்ளி, கட்டம், சிதறிய சிறு பூ என்றால் கவலை இல்லை. இந்தத் திசை மாற்றத்தில் ஒரு நன்மையும் உண்டு. காட்டன் பொதுவாகப் பாவுத் திசையில்தான் அதிகம் சுருங்கும். அந்தச் சுருக்கம் இங்கே சுற்றளவுக்குப் போய்விடுவதால் கவுனின் நீளம் அவ்வளவாகக் குறையாது.

எப்படியும் வெட்டுவதற்கு முன் நனைத்தே ஆகவேண்டும். சாதாரணத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல், நிழலில் உலர்த்தி, அதன் பிறகு அளவெடுங்கள். சுருக்கம் இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதால், தேவைக்கு மேல் 3 இன்ச் சேர்த்து வாங்குவது நல்லது.

அளவுக்கு ஒரு கணக்குப் போதும். மார்புச் சுற்றளவில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, தையலுக்கு ஒரு இன்ச் கூட்டவும். மார்பு 20 இன்ச் என்றால் பதினெட்டரை. 23 என்றால், நான்கு வயதை ஒட்டிய பல பிள்ளைகளுக்கு இதுதான் வரும், 21. 26 என்றால் இருபத்து மூன்றே முக்கால். எல்லாமே சுருங்கிய நிலையில், துணியை இழுக்காமல் மேஜையில் கிடத்தி அளக்க வேண்டியவை. இதைவிடக் குறைவாகக் கழித்தால் மேல்பகுதி வழுக்கி இறங்கும், தோள்பட்டிதான் மொத்த எடையையும் தூக்கும். அதிகம் கழித்தால் தோலில் சிவப்புக் கோடுகள் விழும். அரை மணி நேரம் போட்டுக் கழற்றியபின் கோடு ஆழமாகத் தெரிந்தால் நீளத் தையலைப் பிரித்து அரை இன்ச் விட வேண்டும். வயதை மட்டும் வைத்து அளவு போடாதீர்கள், டேப்பை மார்பில் சுற்றிப் பாருங்கள்.

இனி முக்கியமான குறைக்கு வருவோம். பெரியவர்களுக்கான துணியில் சுருக்கப் பகுதி 8 முதல் 10 இன்ச் ஆழம் இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அக்குளிலிருந்து இடுப்பு வரை ஐந்து இன்ச் இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் வயிற்றின் மேல் இறங்கிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றுதான், சாப்பிட்டு எழுந்தால் வயிறு இன்னும் கூடும். ஆகவே கீழ் வரிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். நல்லவேளையாக அது எளிது. தொழிற்சாலையில் பல ஊசி மெஷினில் சங்கிலித் தையலாக ஓட்டுகிறார்கள். சங்கிலித் தையல் முடிந்த முனையிலிருந்து இழுத்தால் முழு வரியும் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஒரு பக்கம் இழுத்து வரவில்லை என்றால் மறுபக்கம் வரும். வரி இடைவெளி ஒரு செ.மீ. என்றால் மேலிருந்து 12, 13 வரிகளை விட்டுவிட்டு மற்றதை உருவிவிடலாம். ஊசித் துளைகள் கொஞ்ச நாள் தெரியும். ஈரம் தெளித்து விரலால் நீவினால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும், அடர்த்தியான பாப்ளினில் மட்டும் லேசாகத் தடம் தங்கலாம்.

உருவுவது இவ்வளவு சுலபம் என்பதே வெட்டும்போது ஆபத்தாகிறது. வெட்டிய ஓரத்தில் ஒரு நுனி எதிலாவது மாட்டி இழுபட்டால் வைத்துக்கொள்ள வேண்டிய வரியும் போய்விடும். அதனால் முதலில் சாக்பீஸால் வெட்டுக்கோடு போட்டு, வைத்துக்கொள்ளப் போகும் வரிகளுக்குக் குறுக்கே, கோட்டிலிருந்து கால் இன்ச் உள்ளே ஒரு தையலும் அதற்கு ஒரு நூல் தள்ளி இன்னொரு தையலும் போடவும். தையல் நீளம் 2 மி.மீ. இருக்கட்டும். மீதித் துணியையும் பயன்படுத்துவதாக இருந்தால் கோட்டின் மறுபக்கமும் அப்படியே. அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல். கீழ் வரிகளை உருவுவது அதற்கும் பின்னால். இந்த வரிசையை மாற்றுவதால்தான் பெரும்பாலான கவுன்கள் கெட்டுப்போகின்றன.

நீளத்துக்கு, அக்குளிலிருந்து முழங்கால் வரை அளந்து கீழ்மடிப்புக்கு இரண்டரை இன்ச் கூட்டவும். 44 இன்ச் அகலத் துணியில் நான்கு வயதுக் கவுன் போக 20 இன்ச்சுக்கு மேல் துண்டு மிஞ்சும், அதுவும் விரிந்த அளவில். தோள்பட்டி, பாக்கெட், கீழே ஒரு ஃபிரில் எல்லாமே அதிலிருந்து வரும். தனியாகத் துணி தேட வேண்டாம்.

நீளத் தையலை முதுகின் நடுவில் வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் அக்குளில் தடிப்பு உரசும். இரண்டு ஓரங்களையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து, எலாஸ்டிக் வரிகளை ஒன்றுக்கொன்று பொருத்தி, ஒரு வரி விட்டு ஒரு வரிக்குக் குண்டூசி குத்தவும். ஒரு வரி தவறினாலும் முதுகில் கோணலாகத் தெரியும். மேலிருந்து கீழாக, அரை இன்ச் விட்டு, சுருக்கப் பகுதியில் மட்டும் இருமுறை தைக்கவும். பிறகு ஓரத்தை ஓவர்லாக்கோ ஜிக்ஜாக்கோ செய்யலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் எலாஸ்டிக்கின் வெட்டு முனைகள் முதுகில் குத்தும். மிஞ்சிய துணியில் ஒன்றரை இன்ச் அகலப் பட்டி வெட்டி அந்த ஓரத்தைச் சுற்றி மூடித் தைத்துவிட்டால் பிள்ளை நெளியாது. இதை யாரும் சொல்வதில்லை, சொல்லவேண்டியது இதைத்தான்.

தோள்பட்டிக்கு 3 இன்ச் அகலத் துண்டை நான்காக மடித்துத் தைத்தால் முக்கால் இன்ச்சில் முடியும். அதைவிட மெலிதான பட்டி தோளில் வெட்டும். நீளத்தைக் குழந்தைக்குக் கவுனை மாட்டிவிட்டு, குண்டூசிக்குப் பதில் சேஃப்டி பின் வைத்துப் பார்த்தே முடிவு செய்யவும். முன்னால் இரண்டு பட்டிக்கும் இடையே 5 இன்ச் என்றால் பின்னால் நாலரை வைக்கலாம், பின்பக்கம் நெருங்கியிருந்தால் பட்டி தோளிலிருந்து நழுவாது. பட்டியின் நுனியை மேல் ஓரத்தோடு மட்டும் தைக்காமல், இரண்டாவது எலாஸ்டிக் வரி வரை இறக்கி, சதுரமாக ஓட்டிப் பிடிக்கவேண்டும். மேல் ஓரம் ஒற்றைத் துணி, குழந்தை பட்டியைப் பிடித்து இழுத்தால் அங்கேதான் கிழியும். கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் மாடல் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், விளையாட்டுச் சாமானில் கயிறு மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பாவின் ஈ.என். 14682 தரவிதி ஏழு வயதுக்கு உட்பட்டவர்களின் உடையில் கழுத்துப் பகுதிக் கயிறுகளைத் தடுப்பது இதனால்தான். தோளில் போ (ரிப்பன் முடிச்சு அலங்காரம்) வேண்டுமென்றால் தைத்து மூடிய பட்டியின் மேல் தனியாகச் செய்து ஒட்டித் தையுங்கள்.

கீழ்மடிப்புக்கு விட்ட இரண்டரை இன்ச்சில் அரை இன்ச்சை உள்ளே மடித்து, மீதி 2 இன்ச்சைப் புரட்டித் தைக்கவும். ஷர்ரிங் அகலத்தில் வளர்ந்து கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. அடுத்த கோடையில் மடிப்பை இறக்கிவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும்.

சூடான இஸ்திரிப் பெட்டியைச் சுருக்கத்தின் மேல் வைத்து அழுத்தக்கூடாது, எலாஸ்டிக் செத்துவிடும். பாவாடையை மட்டும் தேய்த்தால் போதும். குளோரின் பிளீச்சும் ஆகாது.

எலாஸ்டிக் நூல் வாங்கி வீட்டிலேயே ஓட்டுவதோடு ஒப்பிட்டால், வரிகளின் சீரில் ரெடிமேட் துணியை மிஞ்சுவது கடினம். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, பொருத்தமான டிசைன் கிடைத்தால், தாராளமாக வாங்கலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதிக்கும் மேலான வரிகளை உருவிப் போடவேண்டியிருக்கும், சுருக்கத்தின் இறுக்கமும் அந்த மென்மையான தோலுக்கு அதிகம். அவர்களுக்குச் சாதாரண வாயிலில் ஆறேழு வரி வீட்டில் ஓட்டுவதே நல்லது. எலாஸ்டிக் நூலைப் பாபினில் (மெஷினின் அடிநூல் உருளையில்) கையாலேயே, இழுக்காமல், தளர்வாகச் சுற்றவும். மேலே சாதாரணத் தையல் நூல், தையல் நீளம் 4 மி.மீ. முதல் வரியைத் தைத்துப் பார்த்து துணி சுருங்கவே இல்லை என்றால் எலாஸ்டிக் நூல் பாபின் கேஸின் தகட்டுக்கு அடியில் போகாமல் நழுவியிருக்கும். அங்கேயே சிக்கி நகராமல் நின்றால் கேஸின் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தலாம். இரண்டாவது வரியிலிருந்து, முன்பு தைத்த பகுதியை இரு கையாலும் தட்டையாக இழுத்துப் பிடித்தபடி ஓட்டவேண்டும். எல்லாம் முடிந்ததும் நீராவியை இஸ்திரிப் பெட்டி படாமல் மேலாகக் காட்டினால் சுருக்கம் இன்னும் இறுகி வரும். நடு வரியில் பாபின் தீர்ந்துபோனால் அங்கே முடிச்சுப் போட்டுத் தொடராமல், அந்த வரியை முழுதாகப் பிரித்துவிட்டு ஓரத்திலிருந்தே மறுபடி ஓட்டுங்கள். நடுவில் போட்ட எலாஸ்டிக் முடிச்சு எப்படியும் அவிழும்.