கடற்கரையா, மூர் மார்க்கெட்டா? சென்னையின் இரண்டு மின்சார ரயில் முனையங்கள்

தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கடற்கரை நிலையம். ஆவடி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்தவர்களுக்குச் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகம். சென்னையின் மின்சார ரயில் பயணிகளுக்கு இவை இரண்டும்தான் பெரிய முனையங்கள். சீரமைப்புக்குப் பணம் வந்தால் முதலில் எதற்குப் போகவேண்டும் என்று கேட்டால், நான் கடற்கரை என்பேன்.

மூர் மார்க்கெட்டை நினைத்தாலே மனம் கனக்கிறது. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன அந்த அங்காடி 1985-இல் தீக்கிரையானது. அந்த மண்ணில்தான் புறநகர் முனையம் எழுந்தது. ஆனால் இடம் வாய்ப்பானது: பக்கத்திலேயே மெட்ரோ, சாலையைக் கடந்தால் பூங்கா நிலையம், தூண்கள்மேல் உயர்த்திய பாதையில் ஓடும் பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகர் நிலையம். வண்டி மாறிப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் நகரத்தில் வேறில்லை.

குறை அமைப்பில் இருக்கிறது. தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு பெட்டி வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்குகிறவர் ஏறக்குறைய 250 மீட்டர் நடந்தால்தான் வெளிவாசல். அதனால் வழக்கமாக வருகிறவர்கள், ஏறும் ஊரிலேயே நடைமேடையின் முன்கோடிக்குப் போய் நிற்கிறார்கள். காலையில் முன்பெட்டிகளில் கால்வைக்க இடமில்லை. பின்பெட்டிகளில் காற்றாட நிற்கலாம். கட்டடத்தை எவ்வளவு புதுப்பித்தாலும் இந்த நெரிசல் தீராது.

கடற்கரையின் கதை வேறு. 1931 மே மாதம் அங்கிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில், மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1,500 வோல்ட் நேர்மின்சாரம் 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரமானது. 1995-இல் சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது. 2007-இல் அது வேளச்சேரியைத் தொட்டது. 2004-இல் தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் விடைபெற்றன. இத்தனையும் தண்டவாளத்திலும் மின்கம்பியிலும் நடந்த மேம்பாடு. தண்டவாளம் ராயபுரம் பக்கமாகத் தொடர்வதால், வண்டிகளை இங்கே முடிக்கவும் செய்யலாம், வடக்கே அனுப்பவும் செய்யலாம். மூர் மார்க்கெட்டுக்கு இல்லாத பலம் இது.

அந்தப் பலத்துக்குப் பயணிகள் விலையும் கொடுத்திருக்கிறார்கள். எழும்பூர் வரை நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். மீண்டும் ஓடியது 2024 அக்டோபரில்தான். பதினான்கு மாதம் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடித்தவர்களுக்கு நிலையம் ஏதாவது திருப்பித் தரவேண்டாமா?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். அடுத்து புறப்படும் வண்டி எந்த நடைமேடை என்று நிலையத்தின் நடைமேம்பாலத்திலேயே பளிச்சென்று காட்டினால் போதும். அறிவிப்பு வந்ததும் படிகளில் முண்டியடித்து ஓடுவது குறையும். இன்னொன்று, மண்ணடி மெட்ரோ. நடந்துபோகும் தொலைவுதான். ஆனால் குழந்தையோடும் பெட்டியோடும் அந்த நெரிசலில் யார் நடப்பார்கள்? நிலைய வாசலிலிருந்து மெட்ரோ வாசல் வரை, கடைகளும் இருசக்கர வாகனங்களும் மறிக்காத, நிழலுள்ள ஒரு நடைபாதையை முதலில் போடட்டும்.